வயிறு இறுகுகிறது, என்ன செய்ய? குறைமாதப் பிரசவம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குறைமாதப் பிரசவ பயம்தான். பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள், போன தடவையும் சொன்னேன்: எத்தனை வாரம் என்று எழுதுங்கள். "எட்டாம் மாதம்" என்று 31 வாரத்துக்காரரும் எழுதுகிறார், 35 வாரத்துக்காரரும் எழுதுகிறார். இரண்டுக்கும் நடுவில் குழந்தையின் நுரையீரல் எவ்வளவோ வளர்ந்துவிடுகிறது, என் பதிலும் மாறிவிடும்.

முதல் குழந்தை 32 வாரத்தில் பிறந்தது. இப்போது 28 வாரம். வீட்டில் நானே எதைக் கவனிக்க வேண்டும்? (திண்டுக்கல்)

வாரத்தைச் சொல்லிக் கேட்டதற்கு நன்றி. தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். விரல் நுனிகளை வயிற்றின் மேல்பாகத்தில் பரத்தி வையுங்கள். தளர்ந்திருக்கும் கருப்பை உங்கள் கன்னத்தைத் தொடுவது போல இருக்கும், இறுகினால் நெற்றியைத் தொடுவது போல இருக்கும். குழந்தை புரண்டால் ஒரு பக்கம் மட்டும் துருத்தும், கருப்பை இறுகினால் வயிறு முழுக்கக் கெட்டியாகும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை இறுகினால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். நீர் கசிவு, ரத்தக் கறை, சளி போலவோ பிங்க் நிறத்திலோ வெள்ளைப்படுதல், இடுப்பில் விட்டு விட்டு வலி, கீழே அழுத்துகிற மாதிரி கனம், இதில் ஒன்று இருந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

எட்டு மாசம். அடிக்கடி வயிறு இறுகுது. மாமியார் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் தருகிறார். குடிக்கலாமா?

வாரம் இல்லை, எத்தனை முறை இறுகுகிறது என்று இல்லை, ஊர் கூட இல்லை. சீரகத் தண்ணீர் கெடுதல் செய்யாது, தாராளமாகக் குடியுங்கள். குடித்துவிட்டு விடியும் வரை காத்திருப்பதுதான் கெடுதல். சூட்டு வலியா நிஜ வலியா என்பது கர்ப்பவாயைச் சோதித்தால்தான் தெரியும், மாமியாருக்கும் தெரியாது, கடிதத்தைப் படிக்கிற எனக்கும் தெரியாது. 37 வாரம் முடியாத யாருக்கும் "சூட்டு வலி" என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள்.

இரட்டைக் குழந்தை, 27 வாரம். கணவர் வேலைக்குப் போனால் தனியாக இருக்கிறேன். வயிற்றில் கட்டினால் கருப்பை இறுகுவதை ஆப்பில் வரைபடமாகக் காட்டும் பெல்ட் வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்கினால் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கலாமா? (ஓசூர்)

தடுக்க முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது புதுச் சரக்கு இல்லை. 1980களிலேயே அமெரிக்காவில் இதே பெல்ட்டைக் கட்டி டெலிபோன் லைன் வழியாக நர்சுக்கு வரைபடம் அனுப்பினார்கள். அப்புறம் 1998-ல் சுமார் 2,400 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு குழுவிடம் நர்ஸ் வாரம் ஒரு முறை பேசினார், இன்னொன்றிடம் தினமும் பேசினார், மூன்றாவதற்கு தினப் பேச்சோடு பெல்ட்டும் உண்டு. 35 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பெல்ட் குழுவுக்கு ஆஸ்பத்திரி நடையும் வலி நிறுத்தும் மருந்தும்தான் கூடின. 2002-ல் வந்த இன்னொரு ஆய்வு, இத்தனை முறை இறுகினால் குறைமாதம் என்று கோடு போட முடியாது என்று காட்டியது. ஏனென்றால் கர்ப்பவாய் குறுகுவதும் மென்மையாவதும் பல வாரம் முன்பே சத்தமில்லாமல் தொடங்கிவிடும், பெல்ட் அதைப் பார்ப்பதில்லை. நீர் கசிவதையும் பார்ப்பதில்லை, தொற்றையும் பார்ப்பதில்லை.

என் கோபத்துக்குக் காரணம் வேறு. சில வருடம் முன்பு ராத்திரி 2 மணிக்கு ஒரு பெண் வந்தார், 29 வாரம். சாயங்காலம் 7 மணியிலிருந்தே இடுப்பில் கனம், பேடில் பிங்க் கறை. கணவர் என்னிடம் போனை நீட்டினார், பெல்ட் ஆப்பின் திரையில் பச்சை நிறம், எல்லாம் சரி என்று. சோதித்தால் கர்ப்பவாய் 6 சென்டிமீட்டர் திறந்திருக்கிறது. நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி முதல் டோஸ் போட்டு முக்கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது, 1.1 கிலோ. அந்த ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வீட்டில் போன ஏழு மணி நேரத்தில் பாதியாவது எங்களுக்குக் கிடைத்திருக்கலாம். குழந்தை இன்குபேட்டரில் ஐம்பது நாளுக்கு மேல் இருந்து வீட்டுக்குப் போனது. அந்தக் கணவர் கடைசி வரை கேட்டது ஒன்றுதான்: "பச்சைதானே டாக்டர் காட்டுச்சு?"

வாடகைப் பணத்தில் மேல்கையில் சுற்றுகிற பி.பி. மெஷின் வாங்குங்கள். இரட்டைக் கர்ப்பத்தில் பி.பி. ஏறி நாங்களே முன்கூட்டி குழந்தையை எடுக்க வேண்டி வருவதும் குறைமாதப் பிரசவம்தான், யாரும் அதைக் கணக்கில் வைப்பதில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். 140/90 வந்தால் கால் மணி கழித்து மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே என்றால் அன்றைக்கே டாக்டர். 160/110 என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. தலைவலி, கண் மங்கல் இருந்தால் மெஷின் என்ன காட்டினாலும் சரி, கிளம்புங்கள்.

கர்ப்பவாய் நீளம் குறைவு என்றதால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்கிறார்கள். (கும்பகோணம்)

இறங்குங்கள். முழு நேரப் படுக்கை குறைமாதத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை, காலில் ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு. நீளம் எத்தனை மில்லிமீட்டர்? 24 வாரத்துக்கு முன் 25-க்குக் கீழே என்றால் ராத்திரி பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை பற்றியும், முன்பே குறைமாதத்தில் பெற்றவர் என்றால் கர்ப்பவாயில் போடும் தையல் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

வாரம் ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி போடுகிறார்கள். தொடரலாமா? (மதுரை)

பெயரைப் பாருங்கள். ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட் என்றால், பலன் நிரூபணம் ஆகவில்லை என்று 2023-ல் அமெரிக்காவில் அனுமதியையே ரத்து செய்துவிட்டார்கள். மேலே சொன்ன மாத்திரை வேறு, இது வேறு. நீங்களாக நிறுத்தாதீர்கள், எதற்காக என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் இதயத்துடிப்பு கேட்கும் சின்ன டாப்ளர் வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் நாடித் துடிப்பே குழந்தையுடையது போலக் கேட்கும். அசைவு குறைந்தால் ஆஸ்பத்திரி, கருவி அல்ல.

ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்பது உண்மையா? (தேனி)

பொய். ஒவ்வொரு வாரம் கூடக் கூட குழந்தைக்கு லாபம். இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

30 வாரம். முன்பு 33 வாரத்தில் பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா? ஊரிலிருந்து டவுன் 40 கிலோமீட்டர். (அரியலூர்)

போகலாம், ஆனால் 32 வாரத்துக்குக் கீழே பிறந்தால் கவனிக்கிற பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ. எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். வெறும் பிரசவ வார்டு போதாது. குழந்தையைப் பெற்று ஆம்புலன்சில் ஏற்றுவதைவிட வயிற்றில் வைத்துக்கொண்டே அங்கே போய்ச் சேருவது பல மடங்கு நல்லது. கிராம சுகாதார செவிலியரிடம் வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் கதவருகே ஒரு பையில் மாட்டுங்கள். ராத்திரி வயிறு இறுகினால் அம்மாவை எழுப்பத் தயங்க வேண்டாம், முதலில் 108, அப்புறம் பை.