நன்றாக இருக்கும்போதும் இன்ஹேலர் இழுக்க வேண்டுமா?

மார்கழிப் பனியும் போகிப் புகையும் ஓய்ந்தபின் வந்த கேள்விகள் சில. எல்லாமே தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றியவை.

என் மகளுக்கு 8 வயது, 20 கிலோ. வீசிங்குக்காக புடெசோனைடு 100 மைக்ரோகிராம் காலையும் இரவும் இழுக்கச் சொன்னார் டாக்டர். "ஸ்டீராய்டு, பழகிடும், புள்ள வளராது" என்று மாமியார் தடுக்கிறார். (குடியாத்தம் வாசகி)

பழகாது. இது போதை மருந்து அல்ல. வளர்ச்சி பற்றிய பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. சில வருடங்கள் தொடர்ந்து புடெசோனைடு இழுத்த பிள்ளைகளை அமெரிக்காவில் பெரியவர்களாகும்வரை கவனித்தார்கள். சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் இன்ஹேலரை நிறுத்தினால் என்ன ஆகும்? இழுப்பு வந்த ராத்திரி ஊசி, பிறகு சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை. 20 கிலோ பிள்ளைக்கு அது நாளைக்கு 20 மில்லிகிராம் அளவில் இருக்கும், ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். உங்கள் மகள் இழுப்பதோ நாளைக்கு 0.2 மில்லிகிராம், பெரும்பாலும் மூச்சுக்குழாயில் வேலை செய்வது. இரண்டு மருந்துக்கும் வீரியம் வேறு என்பதால் எடைக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மாமியாரம்மா பயப்பட வேண்டியது அடிக்கடி விழுங்கும் மாத்திரைக்குத்தான்.

ஸ்ப்ரே இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை) வைத்துக் கொடுங்கள். இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும்; இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்து வையுங்கள்.

இரண்டு மாதமாக மூச்சு சுகம். அதனால் நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் மறுபடி இழுப்பு. மருந்து பலிக்கவில்லையா? (ஆரணி நெசவாளர்)

பலித்ததால்தான் ஐயா சுகமாக இருந்தீர்கள். நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் சில நிமிடத்தில் குழாயை விரிக்கும், நாலைந்து மணி நேரத்தில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை வற்றச் செய்வது ஸ்டீராய்டு. ஆனால் இழுத்தவுடன் நெஞ்சில் ஒன்றும் தெரியாது, பலன் முழுதாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் நம் ஆட்கள் நீலத்தை நம்புகிறார்கள், இதைத் தூக்கிப் போடுகிறார்கள். நீலத்தை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம் என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவும் சொல்கிறது.

குறைந்தது மூன்று மாதம் தொந்தரவே இல்லை என்றால் டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள். மிருகசீரிஷத்தன்று ஐதராபாத் போய், ஆஸ்துமா மருந்தென்று கொடுக்கும் விரால் குஞ்சை விழுங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரயில் செலவு மிச்சமாகட்டும்.

ஷூ கம்பெனியில் பசை, ஸ்ப்ரே பிரிவில் வேலை. இன்ஹேலரை விடாமல் இழுத்தும் நெஞ்சு இறுக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பரவாயில்லை. (ஆம்பூர் வாசகர்)

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் துப்பு. பாலியூரித்தேன் பசையிலும் பூச்சிலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கலாம்; ஆஸ்துமாவை உண்டாக்குவதில் பேர்போனது. காரணம் தினமும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தால் எந்த இன்ஹேலரும் திணறும். பீக் ஃப்ளோ மீட்டரில் (ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் கருவி) வேலை நாளிலும் லீவு நாளிலும், நாளைக்கு நான்கு முறை ஊதி, சில வாரம் எழுதி வாருங்கள். அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். அவசரப்பட்டு வேலையை விட வேண்டாம்: தொழில்சார் ஆஸ்துமா இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. முதலில் பிரிவு மாற்றிக் கேளுங்கள்.

மகள் நான்கு மாத கர்ப்பம். இன்ஹேலரை நிறுத்திவிடலாமா? (காட்பாடி)

கூடாதம்மா. தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். கர்ப்ப காலத்தில் அதிகம் பயன்படுத்திப் பார்த்த ஸ்டீராய்டு இன்ஹேலர் புடெசோனைடுதான். பிரசவ டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி வையுங்கள்.

இன்ஹேலரில் போட்டு இழுக்கும் கேப்சூலைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டேன். ஆபத்தா? (வாலாஜா)

ஆபத்தில்லை, பலனும் இல்லை. உள்ளிருக்கும் பொடி நுரையீரலுக்குப் போக வேண்டும். கருவியில் போட்டு, ஓட்டையிட்டு, வேகமாக ஆழ்ந்து இழுத்து, பத்து நொடி மூச்சைப் பிடியுங்கள்.

ஸ்ப்ரே இன்ஹேலர் டப்பா தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா? (சத்துவாச்சாரி)

வேண்டாம், அந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு பீச்சும். எண் காட்டும் டப்பா இல்லையென்றால் கணக்குப் போடுங்கள்: 200 முறை அடிக்கும் டப்பா, நாளைக்கு நான்கு முறை என்றால் 50 நாள். தொடங்கிய தேதியை அதன்மேல் எழுதிவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வராதீர்கள்.