கேமராவை விற்காதே அம்மிணி

நீ எழுதியிருந்ததை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ஒறம்பரையெல்லாம் கிளம்பி, காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைத் திண்ணை காலியானது இன்றைக்குத்தான். அதனால்தான் ஒரு நாள் தாமதம்.

கோபியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டாய். கொடிவேரியிலும் கல்யாண மண்டபங்களிலும் படம் எடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தும் இருக்கிறாய். பிப்ரவரியில் மெல்போர்னுக்கு பாராமெடிக் படிக்க வருகிறாய், ஆம்புலன்ஸில் போய் அவசர சிகிச்சை கொடுக்கும் படிப்பு. நீ கேட்டது மூன்று. படித்த இயற்பியல் வீண்தானா? விசாவுக்கே 2,000 ஆஸ்திரேலிய டாலர் போய்விட்டதே, கேமராவை விற்றுவிடலாமா? ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறவள் இந்தப் படிப்புக்கு ஆவேனா?

நான் நாலு தடவை மாணவியாக இருந்தவள். கோயமுத்தூரில் வேதியியல் படித்தேன். 2009-ல் மெல்போர்ன் போய் மேற்படிப்பு. அப்புறம் அங்கேயே மாலை வகுப்பில் புகைப்படக் கலை. கடைசியாக, முப்பதைத் தாண்டிய பிறகு, பாராமெடிக். "ஒன்றையாவது உருப்படியாகச் செய்" என்று அப்பா போனில் சத்தம் போடாத மாதம் கிடையாது. ஆகவே உன் கேள்விக்கு வேறு யாரும் சொல்லாத ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. அது ஓர் ஆட்டுக்குட்டியில் ஆரம்பிக்கிறது.

நான் எட்டாவது படித்தபோது மழை பொய்த்த வருஷம். சோளப்பயிர் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, அசந்த நேரம் பார்த்து ஆடுகள் அதில் புகுந்துவிட்டன. இளஞ்சோளம், அதுவும் வாடிய பயிர், விஷம் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சயனைடு என்ற பெயர் தெரியாது, அவ்வளவுதான். ஒரு குட்டி வாயில் நுரை தள்ளிக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. கால்நடை டாக்டர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து கழுத்து நரம்பில் ஊசி போட்டார். "என்ன மருந்துங்க?" என்று அப்பாரு கேட்டதற்கு "ஹைப்போ" என்றார். குட்டி பிழைத்தது. இன்னொன்று டாக்டர் வருமுன்பே போய்விட்டது.

அந்தப் பெயரைக் கல்லூரி ஆய்வகத்தில் மறுபடி பார்த்தேன். ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட்தான். பியூரெட் என்ற அளவுக்குழாயில் அதை ஊற்றி, அயோடினில் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் சட்டென்று மறையும் சொட்டுக்காகக் கண் கொட்டாமல் நிற்போம். அது உன் துறை இல்லை என்றாலும் துணைப்பாடத்தில் செய்திருப்பாய். மெல்போர்னில் இருட்டறை வகுப்பு, சிவப்பு விளக்கு. படம் தெளிந்தபின் ஒளி படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கழுவி எடுக்க ஒரு தட்டு வைத்திருந்தார்கள். அதிலும் ஹைப்போ. பாராமெடிக் இரண்டாம் ஆண்டு விஷமுறிவுப் பாடத்தில் ஆசிரியர் பலகையில் சயனைடு என்று எழுதி, பக்கத்தில் சோடியம் தயோசல்பேட் என்று எழுதினார். அது தன்னிடமுள்ள கந்தகத்தைக் கொடுத்து சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும், அது சிறுநீரில் வெளியேறிவிடும். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஆட்டுக்குட்டியை நினைத்துச் சிரித்துவிட்டேன். இப்போது வீடு தீப்பிடித்துச் சயனைடு கலந்த புகையில் சிக்கியவர்களுக்குப் பல இடங்களில் முதலில் கொடுப்பது ஹைட்ராக்சோகோபாலமின் என்ற வேறு மருந்து. ஹைப்போ பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வகுப்பு முழுவதும் நான் குறிப்பே எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

இயற்பியல் வீணா என்று கேட்டாயே. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள். 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு, இரண்டு ஒளியில் எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற கணக்குதான் அது. நீ தேர்வுக்குப் படித்த பீர்-லாம்பர்ட் விதி அங்கே விரலில் உட்கார்ந்திருக்கிறது. கறுத்த தோலில் அது சில சமயம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, கருவி சரியாகக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருப்பது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொன்னது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கும் இது சும்மா படித்துவிட்டுப் போகும் செய்தி இல்லை.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் மாற்றியிருக்கிறேன். மெல்போர்னில் டான்டினாங் பக்கம் ஒரு வீடு, இலங்கைத் தமிழ்ப் பெரியவர். கார் நிறுத்தும் இடத்தில் மஞ்சள் விளக்கின் கீழ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது பிள்ளை" என்றார். ஆக்சிமீட்டர் 94 சதவீதம் காட்டியது. என்னோடு வந்த மூத்த பாராமெடிக், "பரவாயில்லையே" என்றார். எனக்கு அந்த வெளிச்சத்தின் மேல் நம்பிக்கை இல்லை. மஞ்சள் விளக்கில் எடுத்த கல்யாணப் படத்தில் பச்சைப் பட்டு பழுப்பாக வந்து, மாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவளுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். நல்ல வெள்ளை டார்ச்சை அடித்துக் கீழுதட்டை மெல்ல இழுத்து உள்பக்கம் பார்த்தேன். சாம்பலும் நீலமும் கலந்த நிறம், ஆக்சிஜன் போதவில்லை. அப்புறம் ஈசிஜி, ஆக்சிஜன், ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். விளக்கின் நிறம் படத்தின் நிறத்தைக் கெடுக்காமல் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ், கேமரா சொல்லிக்கொடுத்தது அது, எந்த மருத்துவப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

ஆகவே கேமராவை விற்காதே. ஆனால் முதல் வருஷம் புகைப்பட வகுப்பில் சேராதே. இரண்டையும் சேர்த்துப் படித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உடலியல் பாடப் புத்தகத்தின் தடிமனைப் பார்க்காதவர்கள். இயற்பியல்காரிக்கு முதல் அரையாண்டில் உடற்கூறியல் பேய் அறை அறையும். மருந்துக் கணக்கு மட்டும் உனக்கு லட்டு. அட்ரினலின் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் 0.1. ஒரு புள்ளி நகர்ந்தால் பத்து மடங்கு. எங்கள் படிப்பில் அந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்காவிட்டால் ஆம்புலன்ஸில் ஏறவே விடவில்லை.

வார இறுதியில் சாமத்தியச் சடங்கு, கல்யாணம் என்று படம் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கிறாய், தெரியும். (பெண் வயதுக்கு வந்ததும் செய்யும் நம்மூர் திரட்டிச் சீர்தான் அங்கே சாமத்தியச் சடங்கு. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போ, அங்கே உனக்கு வேலை சொல்ல ஆள் கிடைக்கும்.) ஆனால் மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. சொந்தமாகப் படம் எடுத்து வாங்கும் காசும் அந்த 48-க்குள்தான் வரும். ஏபிஎன் என்ற தொழில் எண் வாங்கிவிட்டால் கணக்கில் வராது என்று ஒருத்தர் சொல்வார், நம்பாதே. படிப்பின் பகுதியாக ஆம்புலன்ஸில் போகும் பயிற்சி மட்டும் அதில் சேராது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பயிற்சிக்குப் போகும்போது கேமரா வேண்டாம், போனில்கூட எடுக்காதே. முதல் நாள் சீருடை போட்ட சந்தோஷத்தில் மருத்துவமனை வாசலில் என் பூட்ஸை மட்டும் ஒரு படம் எடுத்தேன். சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது, விட மனசில்லை. அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா குடும்பக் குழுவில் போட, அது என் வகுப்புத் தோழி வரை போனது. அவள்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஸ்ட்ரெச்சரும், அதன்மேல் இருந்த தாளில் ஒரு நோயாளியின் பெயரும். நானே போய் ஒப்புக்கொண்டதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். குழுவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். பெரியப்பாவுக்கு எப்படி அழிப்பது என்று சொல்லிக்கொடுக்கவே அரை மணி நேரம் ஆனது.

இப்போது ஊரிலேயே முடித்துவிட்டு வர வேண்டியவை. உன் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடு. ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை எல்லாவற்றுக்கும் பயிற்சிக்கு முன்பு சான்று கேட்பார்கள். நான் சிக்கியது காசநோய்ச் சோதனையில். நமக்கெல்லாம் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதனால் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனையில் தடித்துவிடலாம், சீக்கு இல்லாவிட்டாலும். எனக்குத் தடித்தது. நுரையீரல் எக்ஸ்ரே, மறுபடி டாக்டர், மறுபடி கடிதம் என்று மூன்று வாரப் பயிற்சி தள்ளிப்போனது. இக்ரா என்ற ரத்தச் சோதனையை பிசிஜி குழப்பாது. முதலிலேயே அதைக் கேள். பெருந்துறை சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டாலே மூக்கைப் பொத்தும் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். "காசநோய்ச் சோதனையில் தடித்திருக்கிறது" என்று அம்மாவிடம் சொல்லி அன்றைக்கு நான் பட்ட பாடு தனிக் கதை.

முடிந்தால் கோபியிலேயே 108 வண்டி நிற்கும் இடத்துக்குப் போய், சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து அவர்களிடம் பேசு. தமிழ்நாட்டில் 2008-ல் ஆரம்பித்தது அது. ஓட்டுகிறவரை அங்கே பைலட் என்பார்கள், பின்னால் நோயாளியோடு மருத்துவ உதவியாளர் இருப்பார். மெல்போர்னில் வண்டியில் இருக்கும் இரண்டு பேருமே பாராமெடிக், மாறி மாறி ஓட்டுவோம். அதனால் வண்டி ஓட்டும் உரிமம் இல்லாமல் வேலைக்கு விண்ணப்பிப்பது கஷ்டம். டூவீலர் ஓட்டத் தெரியும் என்று எழுதியிருந்தாய். கார் பழகு, இந்த மாதமே.

வேலை விஷயத்தில் உனக்கு இனிப்பாகப் பேச மாட்டேன். நான் பாராமெடிக் படித்தபோது கையில் நிரந்தரமாகத் தங்கும் விசா இருந்தது, உனக்கு இல்லை. 2018 டிசம்பரிலிருந்து பாராமெடிக் என்ற பெயரையே பதிவு செய்தவர்கள்தான் அங்கே பயன்படுத்த முடியும். படிப்பை முடித்தால் பதிவு கிடைக்கும், ஆனால் புதிதாக முடித்தவர்களுக்கான இடங்களுக்குப் போட்டி பலமாக இருக்கிறது. எந்த மாநிலச் சேவை எந்த விசாக்காரரை எடுக்கிறது என்பதை ஏஜென்ட்டிடம் கேட்காதே, அந்தச் சேவையிடமே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள். ஏஜென்ட்டுக்கு நீ விமானம் ஏறியதோடு கணக்கு முடிந்தது.

ரத்தம் பற்றி. அம்மிணி, நீ வெசனப்படும் அளவுக்கு ரத்தம் கிடையாது. சினிமாவில் காட்டும் விபத்து அபூர்வம். விழுந்து எழ முடியாத பாட்டி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் இளைஞன், இதுதான் பெரும்பாலும். தலை சுற்றினால் தொடை, கெண்டைக்கால் தசைகளை இறுக்கிப் பிடித்துப் பிடித்து விடு, ரத்த அழுத்தம் விழாமல் நிற்கும். நான் முதல் மாதம் அப்படித்தான் நின்றேன். எனக்குக் கஷ்டமாக இருந்தது ரத்தம் இல்லை, சத்தம். முதல் தடவை நிஜ மனிதருக்கு நெஞ்சழுத்தம் கொடுத்தபோது கையின் கீழ் விலா நெறிந்தது. நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று பொம்மையில் எத்தனையோ தடவை செய்ததுதான். பொம்மைக்கு விலா நெறிவதில்லை. அவர் பிழைக்கவில்லை. வெளியே வந்து பையில் குறைந்த சாமான்களை எண்ணி நிரப்பினோம். கூட வந்தவர் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போன் செய்யலாம் என்றால் இங்கே நடுச்சாமம். கோடையில் அங்கே ஐந்தரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு நீ அழ நினைக்கும்போது ஊரில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு அங்கேயே ஓர் ஆளைத் தேடி வைத்துக்கொள்.

ஆங்கிலம் உனக்குப் போதும், ஆனால் அவர்கள் ஆங்கிலம் வேறு. ஒரு தாத்தா "ஃபீலிங் எ பிட் ஆர்டினரி" என்றால் சாதாரணமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை, முடியவில்லை என்று அர்த்தம். நம் அமுச்சிப் பாட்டி "ஒரு மாதிரியா இருக்குது கண்ணு" என்பாளே, அதேதான். அந்த இரண்டையும் ஒரே மாதிரிப் பயத்தோடு கேள். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில நேரம் வலியே இல்லாமல் அப்படித்தான் வரும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அரிசிம்பருப்பு குக்கரில் இருபது நிமிஷம். சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். தின்பண்டம் எது கொண்டு வந்தாலும் விமான நிலையத் தாளில் ஒளிக்காமல் எழுது. கேமரா பேட்டரிகளைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை.

காசு நெருக்கடிக்கு ஏதாவது விற்றே ஆக வேண்டும் என்றால் அந்தப் பெரிய ஜூம் லென்ஸை விற்றுவிடு, கேமராவை மட்டும் வைத்துக்கொள். என்னிடம் பழைய 50 எம்எம் லென்ஸ் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. நிக்கான் கேமராவில் மாட்டுவது. உன்னுடையது எதுவென்று எழுது.