காய்ச்சல் விட்ட அன்று

அன்புள்ள ஐயா,

விடுமுறைக்குக் குடும்பத்துடன் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றுக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் என் கணவருக்குக் கடும் காய்ச்சல், உடல்வலி, வாந்தி. முந்தைய நாளே அவருக்கு உடம்பு சரியில்லை. பிள்ளைகளின் சந்தோஷம் கெட்டுவிடும் என்று மறைத்திருக்கிறார். பாராசிட்டமால் கொடுத்து விடுதி அறையிலேயே பார்த்துக்கொண்டேன். நான்கு நாள் கழித்துக் காய்ச்சல் விட்டது. இதுதான் சமயம் என்று டிக்கெட்டை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் அவர் முகத்தைப் பார்த்ததும் மருத்துவரை வரவழைத்து, விமானத்தில் ஏற்ற முடியாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அழுது கேட்டும் பயனில்லை. அங்கிருந்து மருத்துவமனைக்குப் போனோம். டெங்கு என்றார்கள். ஒரு வாரம் கழித்து நல்லபடியாக வீடு திரும்பினோம். ஆனால், "எப்படியாவது ஏறியிருந்தால் ஆறு மணி நேரத்தில் நம் டாக்டரிடம் வந்திருக்கலாமே, தெரியாத நாட்டில் போய் நோயை வாங்கிக்கொண்டு அங்கேயே கிடந்தீர்களே" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பெண்மீது கோபம் தீரவில்லை. விமான நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் நலமாக வீடு திரும்பியது பெரிய ஆறுதல். உங்கள் கோபமும் எனக்குப் புரிகிறது. நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்நிய நாட்டில் நிற்கும்போது வீடு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் குறுக்கே நிற்பவர் எவராக இருந்தாலும் எதிரியாகத்தான் தெரிவார். ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பெண் உங்களைத் தடுத்தது சரி. சரி என்பதைவிட, அன்று உங்களுக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் டெங்குவைப் பற்றி மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஒரு செய்தி இருக்கிறது. அது நம் இயல்பான புத்திக்கு நேர் எதிரானது என்பதால் மனதில் தங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட டெங்கு வழிகாட்டி இந்த நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது: காய்ச்சல் கட்டம், அபாயக் கட்டம், மீளும் கட்டம். அபாயக் கட்டம் தொடங்குவது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, இறங்கும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போது சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். உடம்பு தொட்டால் குளிர்ந்திருக்கும், ஆனால் உள்ளே ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும். தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இனம் தெரியாத தவிப்பு அல்லது சோர்வு ஆகியவை இதற்கான எச்சரிக்கைகள். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும்.

நீங்கள் 'இதுதான் சமயம்' என்று புறப்பட்டது நான்காம் நாள் காய்ச்சலின் முடிவில். பறப்பதற்கு அதைவிட மோசமான சமயம் அமைந்திருக்காது.

அந்த ஆறு மணி நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஏறக்குறைய ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நல்ல உடம்புக்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் சற்றுக் குறையும். காற்றும் மிக வறண்டது. ரத்த ஓட்டம் தடுமாறும் நேரத்தில் இதெல்லாம் கூடுதல் சுமை. டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது. சிகிச்சை என்பதே ரத்தத்தை அடிக்கடி சோதித்து, உடம்புக்குள் போகும் நீரை அளந்து கொடுப்பதுதான். குறைந்தாலும் ஆபத்து, அளவு மீறினால் நுரையீரலைச் சுற்றி நீர் சேரும். விமானத்தில் மருந்துப் பெட்டி இருக்கும், ஆக்ஸிஜன் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பயணிகளில் ஒரு டாக்டரும் இருப்பார். ரத்தம் சோதிக்க ஆய்வகம் இருக்காது. கடலுக்கு மேலே இருக்கும்போது அவர் நிலை மோசமானால், இறங்க இடம் கிடைப்பதற்கே நெடுநேரம் ஆகலாம்.

உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்: இந்த நோய்க்குத் தேவை நம் டாக்டரோ அவர்கள் டாக்டரோ அல்ல, நேரத்தில் கிடைக்கும் ஒரு டாக்டர். உரிய நேரத்தில் கண்டுபிடித்துக் கவனித்தால் கடும் டெங்குவிலும் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே என்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். கொசு கடித்துக் காய்ச்சல் வருவதற்குப் பொதுவாக நான்கு முதல் பத்து நாள் ஆகும். உங்கள் கணவருக்கு இரண்டாம் நாளே உடம்பு சரியில்லை என்றால், நோய் உங்களுடன்தான் விமானம் ஏறிப் போயிருக்கிறது. அந்த நாட்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அவர் மறைத்தார் என்ற வரி. எத்தனையோ பயணங்களில் இதுதான் நடக்கிறது. ஒரு வருடம் சேர்த்த பணம், பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருந்த விடுமுறை, எல்லாம் என்னால் வீணாகிறதே என்று நோயாளி குற்றவாளியைப் போல ஒடுங்கிவிடுகிறார். முதலில் நோயை மறைக்கிறார். பிறகு குணமாகிவிட்டதாகச் சொல்கிறார். உடனிருப்பவர்களும் அதை நம்ப ஆசைப்படுகிறார்கள். விமான நிலையத்தில் அவர் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர்மேல் ஆசையோ பயமோ இல்லாத ஒருவர் அங்கே இருந்ததால்தான் அவர் முகத்தை உள்ளபடி பார்க்க முடிந்தது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், பிள்ளைகள் அந்தக் கடலை மறந்துவிடுவார்கள், அப்பா பக்கத்தில் இல்லாமல் போனால் மறக்க மாட்டார்கள்.

பாராசிட்டமால் கொடுத்தது சரிதான். ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுத்திருந்தால் ரத்தக்கசிவுக்கு வழியாகியிருக்கலாம். அவர் இனி நினைவில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டுமே நீடித்த பாதுகாப்பு. வேறு வகை இரண்டாவதாக வந்தால் நோய் கடுமையாவதற்கான வாய்ப்பு அதிகம். எங்கே காய்ச்சல் வந்தாலும் முதல் நாளே டாக்டரைப் பார்த்து, முன்பு டெங்கு வந்ததைச் சொல்லவேண்டும். அந்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

பயணக் காப்பீடு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எடுத்திருந்தால், பாலிசியில் 24 மணி நேர உதவி எண் இருக்கும். விடுதி அறையில் முதல் நாளே அழைக்க வேண்டிய எண் அதுதான். எந்த மருத்துவமனை என்பதை அவர்களே சொல்வார்கள். பயணத்துக்குத் தகுதியானவர் என்ற சான்றிதழ், சக்கர நாற்காலி, தேவைப்பட்டால் உடன் வர ஒரு நர்ஸ் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்வது அவர்கள் வேலை. விமான நிறுவனங்களிடமும் நோயாளிகளுக்கென்றே மருத்துவப் படிவம் உண்டு. டாக்டர் அதை நிரப்பி முன்கூட்டியே அனுப்பிவிட்டால் கவுன்டரில் கெஞ்ச வேண்டியிருக்காது. தூதரகம் தகவல் தரும், குடும்பத்துடன் தொடர்புகொள்ள உதவும். மருத்துவமனைக் கட்டணத்தை அது கட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

புகார்க் கடிதத்துக்கு வருகிறேன். ஏற்றவில்லை என்ற புகாரை நீக்கிவிடுங்கள். ஆனால் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள் என்பது நியாயமான குறை, அதை அனுப்புங்கள். நோயாளியை ஓரமாக உட்காரவைத்துத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். பயிற்சியில் சேர்க்கவேண்டிய விஷயம் அது. முடிவு சரியாக இருந்தது என்ற வரியையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை அந்தப் பெண் தயங்கக்கூடும். ஏற்ற மறுத்ததைத் தேதி, நேரம், காரணத்துடன் எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். காப்பீடு எடுத்திருந்தால் டிக்கெட் பணத்தைக் கோர அந்தத் தாள் தேவைப்படும்.