குனிந்தால் காசு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மச்சான் காலையில் நடந்துவிட்டு வரும்போதெல்லாம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கண்டெடுத்து வருகிறார். அதே தெருவில்தான் நானும் நடக்கிறேன், எனக்கு ஒன்றும் சிக்குவதில்லையே? (தேவகோட்டை வாசகர்)

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, பார்க்கிற இடத்தில்தான். நடக்கிறவன் காசைக் கீழே போடுவதில்லை. நின்று பைக்குள் கையை விடுகிறவன்தான் போடுகிறான். டீக்கடை வாசல், பஸ் நிற்கிற இடம், பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் போடுகிற கல், பைக்கை நிறுத்தி எடுக்கிற ஓரம். சாவியை இழுக்கும்போது கூடவே ஒரு ரூபாயும் வெளியே வந்து விழும், வண்டிச் சத்தத்தில் அது விழுந்த சத்தம் கேட்காது. நான் காரைக்குடியில் போகிற டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில், கால் வைக்கிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகல மண் இருக்கிறது, வாரம் ஒரு தடவையாவது அதில் ஏதாவது கிடக்கும்.

வெயில் ஏறுவதற்குள் போங்கள். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதற்கு எதிர்முகமாக நடந்தால், கிடக்கிற எவர்சில்வர் ரூபாய் பளிச்சென்று கண்ணில் அடிக்கும். ஐந்து ரூபாய்தான் ஏமாற்றும், பித்தளை நிறமாக இருப்பதால் நம்ம ஊர்ச் செம்மண்ணோடு கலந்துவிடும். நல்ல மழை பெய்த மறுநாள் இன்னும் நல்லது, மேல்மண் கரைந்து ஓடி, புதைந்து கிடந்ததெல்லாம் வெளியே தெரியும்.

ஆனால் பெரிசாக எதிர்பார்க்காதீர்கள். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, டீக்கு ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறார்கள், சில்லறை கையில் இருந்தால்தானே கீழே விழ? அப்புறம் ஒன்று, முச்சந்தியில் எலுமிச்சம்பழத்தோடு கிடப்பது, மஞ்சள் துணியில் முடிந்து கிடப்பது, இதெல்லாம் யாரும் தொலைத்த காசு இல்லை, வைத்த காசு. தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: கிடைத்த நாலணாவையும் எட்டணாவையும் கடையில் கொடுக்கலாமா? (புதுவயல் வாசகர்)

நாலணா 2011 ஜூன் 30ஆம் தேதியோடு போயே போய்விட்டது. எட்டணா இன்றைக்கும் செல்லும். கடைக்காரர் முறைப்பார், அது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் (உள்கட்டில்) தூணுக்கும் ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பேரன் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டான். நூலில் காந்தம் கட்டி விட்டேன், ஒட்டவே இல்லை. கள்ளக் காசா? (பள்ளத்தூர் வாசகி)

இல்லை ஆச்சி, நல்ல காசுதான். காந்தத்துக்கு வருவது எவர்சில்வர் காசுகள்தான். பத்து ரூபாயில் வெளி வளையம் அலுமினிய வெண்கலம், நடுவில் இருப்பது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், இரண்டுமே காந்தத்தை மதிக்காது. ஈர்க்குக் கட்டின் நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி மெல்ல அழுத்தி எடுங்கள். நாங்கள் சின்ன வயதில் பலாப்பாலைத் தடவி எடுப்போம். உண்டியல் திருடன் செய்வதும் இதைத்தான், அதனால் பேரன் தூங்கும்போது செய்யவும்.

கேள்வி: பழைய வீட்டை ஒதுக்கும்போது தகரப் பெட்டியின் அடியில் ஒரு சதுரச் செம்புக் காசும், அம்மன் உருவம் போட்ட பொடிக் காசு ஏழெட்டும் கிடைத்தன. விலை போகுமா? அரசாங்கத்திடம் கொடுக்க வேண்டுமா? (கானாடுகாத்தான் வாசகர்)

சதுரக் காசு பெரும்பாலும் மலேயாப் பக்கத்து ஒரு சென்ட், மூலையெல்லாம் மழுங்கி உருண்டிருக்கும். உங்கள் ஐயாக்களில் யாரோ பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ண, போயிருக்கிறார். பர்மா போனவர் பெட்டியில் இந்த வித்தியாசம் தெரியாது, 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்ததால் அங்கேயும் நம்ம ரூபாய்தான். பொடிக் காசைத் திருப்பிப் பாருங்கள், தெலுங்கில் ‘விஜய’ என்று இருந்தால் அது புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு, நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்தது. நம்ம பக்கத்தில் நிறைய வீடுகளில் கிடக்கிறது, அதனால் லட்சக் கனவு வேண்டாம். முக்கியமாகப் புளி போட்டு விளக்காதீர்கள், பளபளத்தால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இரண்டு மூன்று பழம்பொருள் கடையில் காட்டிக் கேளுங்கள், முதல் கடையிலேயே கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சட்டம் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம். மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்து நிற்கிற எதிலுமோ மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான், அன்றைக்குப் பத்து ரூபாய் என்றால் சின்னக் காசா? சுவரை இடிக்கும்போது செம்புக்குள் கிடைத்தால் அதுவும் இதில் வரும். உங்களுடையது வீட்டுப் பெட்டியில் இருந்தது, அது குடும்பச் சொத்து. கலெக்டரை விடுங்கள், பங்காளிகளிடம் சொல்லிவிட்டீர்களா?

கேள்வி: அம்மா காலமான பிறகு பட்டுச்சேலை மடிப்பில் பழைய ஐந்நூறு மூன்றும் இரண்டாயிரம் இரண்டும் இருந்தன. என்ன செய்வது? (கோட்டையூர் வாசகி)

பழைய ஐந்நூறு 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு செல்லாது. பத்து நோட்டு வரை வைத்திருப்பது குற்றமில்லை, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்தை 2023இல் திரும்பப் பெற்றார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. பக்கத்து வங்கியில் வாங்க மாட்டார்கள், சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒரு சுருக்குப் பை கிடைத்தது, உள்ளே இரண்டாயிரத்துச் சொச்சம், ஒரு மருந்துச் சீட்டு. கண்டெடுத்தது எனக்குத்தானே? (காரைக்குடி வாசகர்)

இல்லை. ரோட்டில் யாருடையது என்றே தெரியாத ஒற்றை ரூபாயை எடுத்தால் குற்றமில்லை என்று பழைய தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சம்ஹிதையில் அது 314ஆம் பிரிவு. ஆனால் உடையவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தேடாமல் செலவழித்தால் அது குற்றம். உங்கள் கையில் மருந்துச் சீட்டே இருக்கிறதே, அதற்கு மேல் என்ன வழி வேண்டும்? சீட்டிலுள்ள மருந்துக் கடையில் கேளுங்கள், இல்லையென்றால் ஸ்டேஷனில் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒருமுறை இப்படிப் பை கிடைத்து, மருந்துக் கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப் போய்க் கொடுத்தேன். அந்த ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் பணத்தை இரண்டு தடவை எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்து, “வாங்க தம்பி, உக்காருங்க” என்றார்.