கம்ப்ரஸ் ஓடும்போது கரண்ட் போனால்

வணக்கம் அண்ணா,

ஐபிஎம்மின் பழைய மெயின்பிரேமைச் சாதாரணக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரான ஹெர்குலிஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் என்னுடைய பழைய டெஸ்க்டொப்பில் டிகே5 (எம்விஎஸ் என்ற மெயின்பிரேம் இயங்குதளத் தொகுப்பு) போட்டேன். இரவிரவாக இருந்து கொபோல் மொழியில் எழுதிப் பழகினேன். எல்லாப் புரோகிராமும் ஒரே லைப்ரரியில்தான். போன கிழமை சேமிக்கும்போது எஸ்-ஈ37 என்று அபெண்ட் (வேலை இடையில் முறிந்த பிழை) வந்தது. லைப்ரரியைக் கம்ப்ரஸ் செய்யச் சொல்லி இணையத்தில் இருந்தது, அதற்கான ஐஈபிகொப்பி என்ற கருவியைக் கொடுத்தேன். அது ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. இப்போது சிஸ்டம் எழும்புகிறது, ஆனால் லைப்ரரிக்குள் ஒரு மெம்பரை, அதாவது ஒரு புரோகிராமைத் திறந்தால் உள்ளே இன்னொரு புரோகிராமின் வரிகள் கிடக்கின்றன. வேலைகளையும் அவற்றின் வெளியீட்டையும் கவனிக்கும் ஜெஸ்2ஐக் கோல்ட் ஸ்டார்ட் செய்தால் (துடைத்துப் புதிதாகத் தொடங்கினால்) சரிவருமா? யாழ்ப்பாணத்துக் கரண்டை நம்பி இதை ஓட்டலாமா? பழைய சாமானோடு ஏன் மினக்கெடுகிறாய் என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள்.

ஒரு வாசகர்,
கொக்குவில்

அன்புள்ள தம்பி,

கோல்ட் ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் லைப்ரரிக்கும் ஜெஸ்2க்கும் சம்பந்தமில்லை. கோல்ட் ஸ்டார்ட் செய்தால் ஸ்பூலில் (வேலைகளின் வெளியீடு சேரும் இடம்) கிடப்பதெல்லாம் போய்விடும். இழந்த புரோகிராம்கள் அங்கேதான் இருக்கலாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிடிஎஸ் என்ற உங்கள் வகை லைப்ரரியில் ஒரு மெம்பரைத் திருத்திச் சேமித்தால் புதிய பிரதி கடைசியில் போய் எழுதப்படும். பழையது இருந்த இடம் சும்மா கிடக்கும், யாரும் அதைத் திரும்பப் பாவிப்பதில்லை. ஒரு புரோகிராமைத் திரும்பத் திரும்பத் திருத்தினாலே லைப்ரரி நிரம்பிவிடும். அதுதான் உங்கள் எஸ்-ஈ37. கம்ப்ரஸ் கொடுத்தால் ஐஈபிகொப்பி பின்னால் இருக்கிற மெம்பர்களை ஒவ்வொன்றாக முன்னுக்கு இழுத்து அந்த வெற்றிடங்களை மூடுகிறது. எந்த மெம்பர் எங்கே என்று சொல்லும் டிரெக்டரியில் அவற்றின் இடத்தையும் மாற்றி எழுதுகிறது. இதையெல்லாம் அதே லைப்ரரிக்குள்ளேயே செய்கிறது. வேறெங்கும் பிரதி வைப்பதில்லை. பாதியில் நின்றால், டிரெக்டரி காட்டுகிற இடத்தில் வேறு மெம்பர் வந்து இருக்கும். நீங்கள் பார்த்தது அதைத்தான். உண்மையான ஐபிஎம் 3350 டிஸ்க்கிலும் இதே கதிதான், ஹெர்குலிஸைக் குறை சொல்ல இடமில்லை.

எமுலேட்டரில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. எழுதி முடித்துவிட்டேன் என்று எம்விஎஸ் நம்புகிற நேரத்திலும், கீழே இருக்கிற லினக்ஸோ விண்டோஸோ அந்தத் தரவைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பிந்தித்தான் டிஸ்க்குக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று எம்விஎஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது.

சரி, இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஹெர்குலிஸை நிறுத்திவிட்டு டிஸ்க் கோப்புகள் முழுவதையும் ஒரு வெளி டிரைவில் பிரதி எடுங்கள். அந்த லைப்ரரிக்குள் இனி ஒரு வரிகூட எழுதக்கூடாது. பிறகு ஸ்பூலைப் பாருங்கள். நீங்கள் கொம்பைல் செய்த ஒவ்வொரு தடவையும் லிஸ்டிங்கில் முழு மூலநிரலும் அச்சாகியிருக்கும். அவுட்புட் ஹோல்டில் (அச்சிடாமல் நிறுத்தி வைத்து) இருந்தால், ஜெஸ்2 வோர்ம் ஸ்டார்ட்டில் (இருந்ததைத் துடைக்காமல்) எழும்பியவரைக்கும், அதெல்லாம் இன்னும் அங்கேயே இருக்கும். அச்சிடப் போனவை பிரின்டர் கோப்புக்குப் போயிருக்கும். ஆனால் ஹெர்குலிஸ் சாதாரணமாக ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பிரின்டர் கோப்பைத் துடைத்துவிடும். கொன்பிக் கோப்பில் பிரின்டர் வரியில் 'நோகிளியர்' என்று சேர்த்தால் துடைக்காது. இதை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

லிஸ்டிங் கிடைக்காதவற்றுக்கு ஏஎம்ஏஎஸ்பிசாப் என்ற கருவி இருக்கிறது. அதில் ஆப்ஸ்டம்ப் என்ற கட்டளை கொடுத்தால் டிரெக்டரி என்ன சொல்கிறது என்று பார்க்காமல், லைப்ரரி கிடக்கிற ட்ராக்குகளை அப்படியே அச்சிட்டுத் தரும். ஒழுங்கு குலைந்திருக்கும், ஒரே புரோகிராமின் பழைய பதிப்புகளும் இடையில் வரும். பொறுமையாக இருந்து பொறுக்கினால் கனக்க மீளும்.

இனிமேல் கம்ப்ரஸ் செய்வதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு லைப்ரரி ஒதுக்கி, ஐஈபிகொப்பியால் அதற்குள் கொப்பி பண்ணுங்கள். வெற்றிடங்கள் தாமாகவே கழிந்துவிடும். புதியது சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு பெயர்களை மாற்றினால் போதும். கரண்ட் போனாலும் பழையது பத்திரமாக இருக்கும்.

இதைவிட முக்கியமானது, மூலநிரலின் முதல் பிரதி எம்விஎஸ்ஸுக்குள் இருக்கவே கூடாது. டிகே தொகுப்புகளில் கார்ட் ரீடர் 3505 என்ற போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். நிரலையும் ஜேசிஎல்லையும் (என்ன வேலை செய்வது என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் கட்டளைகள்) லினக்ஸ் பக்கம் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்து, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேர்த்து, அந்தப் போர்ட்டுக்கு அனுப்பினால் கார்ட் அடுக்கு போலவே வாசித்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: அந்தக் கோப்புக்குள் தமிழில் குறிப்பு எழுத வேண்டாம். கார்டுக்கு 80 பைட்தான். யுடிஎஃப்8 இல் 'கொ' என்ற ஓர் எழுத்தே 6 பைட் எடுக்கும். அந்தப் பைட்டுகளும் எப்சிடிக் என்ற மெயின்பிரேம் குறிமுறைக்கு மாறும்போது பொருளற்ற குறிகளாகிவிடும். தமிழ்க் குறிப்புக்குப் பக்கத்திலேயே தனிக் கோப்பு வையுங்கள். நான் அப்படித்தான் வைக்கிறேன். என்ன யோசித்து எழுதினேன் என்பது பிறகு வாசிக்கையில் தமிழில்தான் எனக்குக் கெதியாக விளங்குகிறது.

கரண்டைப் பற்றிக் கேட்டீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால வெட்டையும் பார்த்த ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலும் ஒவ்வொரு வருடமும் வரும். ஆனாலும் தாராளமாக ஓட்டலாம், டெஸ்க்டொப்பைத்தான் விட வேண்டும். எம்விஎஸ் 3.8ஜே 24 பிட் முகவரிக் காலத்து இயங்குதளம். ஒரு அட்ரஸ் ஸ்பேஸ் 16 எம்பிக்கு மேல் போகாது. பற்றரி நல்லதாக இருக்கிற பழைய லப்டொப் ஒன்றே போதும், அந்தப் பற்றரிதான் உங்கள் யூபிஎஸ். ராஸ்பெரி பையிலும் நன்றாக ஓடும். ஆனால் டிஸ்க் கோப்புகளை எஸ்டி கார்டில் வைக்காமல் யூஎஸ்பியில் ஒரு எஸ்எஸ்டி பூட்டுங்கள்.

யூபிஎஸ் தருகிற நேரம் வேலையைத் தொடர்வதற்கு அல்ல, ஒழுங்காக நிறுத்துவதற்கு. டிஎஸ்ஓவில் (பாவனையாளர் உள்நுழையும் பகுதி) இருப்பவர்கள் லொகொஃப், டிஎஸ்ஓவை நிறுத்து, நெட்டை (டெர்மினல் இணைப்புகள்) நிறுத்து, பிறகு ஜெஸ்2. எல்லா வேலையும் முடிந்துவிட்டது என்று ஜெஸ்2 கொன்சோலில் சொன்ன பிறகுதான் அது இறங்கும். அடுத்தது இசட் ஈஓடி என்ற கட்டளை. எஸ்எம்எஃப் (பாவனைக் கணக்கு), லொக்ரெக் (பிழைக் கணக்கு) பதிவுகளில் நினைவகத்தில் நிற்கும் மிச்சத்தை அது டிஸ்க்கில் எழுதிவிடும். பிறகு சிஸ்டத்தை நிறுத்தும் குவியெஸ். கடைசியாகத்தான் ஹெர்குலிஸில் குவிட். டிகே தொகுப்புகளில் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. ஆனாலும் கொஞ்சக் காலம் கையால் செய்யுங்கள் தம்பி. எது எதில் தங்கி நிற்கிறது என்பது அந்த வரிசையில்தான் விளங்கும். டிஸ்க் கோப்புகளின் பிரதியையும் குவிட்டுக்குப் பிறகே எடுங்கள். ஓடும்போது எடுத்த பிரதியை நம்பவே முடியாது.

ஏதாவது சோதிக்கப் போகிறீர்கள் என்றால் ஷாடோ கோப்புப் போடுங்கள். எழுதுவதெல்லாம் ஷாடோவுக்குப் போகும், மூல டிஸ்க் கோப்பு தொடப்படாது. பிழைத்தால் ஷாடோவைக் கழற்றி எறிந்துவிடலாம்.

நண்பர்களுக்கு என்ன சொல்வது? இன்றைய மெயின்பிரேம் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸிலும் ஜேசிஎல் இருக்கிறது, பிடிஎஸ் இருக்கிறது, அதே ஐஈபிகொப்பி இருக்கிறது, அதே ஈ37 வருகிறது. இசட்ஓஎஸ்ஸை ஹெர்குலிஸில் ஓட்ட ஐபிஎம்மின் உரிமம் இடம் தராது, அதைத் தேடி அலைய வேண்டாம். உண்மையான இசட்ஓஎஸ்ஸைத் தொட்டுப் பார்க்க ஐபிஎம் இசட் எக்ஸ்புளோர் இலவசமாக இருக்கிறது. ஆனால் அங்கே நீங்கள் ஒரு பாவனையாளர் மட்டும்தான். வீட்டில் ஓடுவதில் ஒப்பரேட்டர், சிஸ்டம் புரோகிராமர், டிஸ்க்குக்குப் பொறுப்பானவர் எல்லாம் நீங்களே. மெயின்பிரேமைப் பழகுவது என்றால் எனக்கு அதுதான். கொபோல் எழுதுவதற்கு ஒரு கொம்பைலர் போதும், இவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு லைப்ரரி ஏன் நிரம்புகிறது, எப்படிக் குலைகிறது, எங்கிருந்து மீட்கலாம் என்பதை நீங்கள் இந்தக் கிழமை உங்கள் சொந்த மெசினில் கண்டிருக்கிறீர்கள். அந்த அறிவை மதித்து, விடாமல் தொடருங்கள்.

ஸ்பூலில் லிஸ்டிங் கிடைத்ததா என்று எழுதுங்கள். ஆப்ஸ்டம்ப் வரைக்கும் போக வேண்டி வந்தால், கொன்பிக் கோப்பையும் லைப்ரரியின் அளவு விபரத்தையும் அனுப்புங்கள், ஜேசிஎல்லை எழுதித் தருகிறேன்.