லடாக்கின் மருத்துவம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லே நகரின் கடைத்தெருவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதில் ஆம்ச்சிகள் என்னும் பரம்பரை வைத்தியர்களை மிகவும் உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதிரிமார்களும் பிறகு நம் ராணுவமும் போய்ச் சேரும்வரை அங்கே மருத்துவம் என்று ஒன்றும் இருந்ததில்லை என்பதே என் எண்ணம்.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவ மேற்படிப்பை முடித்த என் மகள் லேயில் அரசுப் பணிக்குப் போக விரும்புகிறாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். குளிர், தனிமை, பிற்காலத் தொழில்வாய்ப்பு எல்லாவற்றையும் நினைத்து நானும் என் மனைவியும் தயங்குகிறோம். அனுப்பலாமா?

க., மயூர் விகார், புது தில்லி

அன்புள்ள க.,

உடனே பதில் எழுதத் தூண்டியது உங்கள் கடிதத்தின் ஒரு வரிதான். ‘அங்கே மருத்துவம் என்று ஒன்றும் இருந்ததில்லை’ என்கிறீர்கள். தில்லியில் படித்தவர்கள் பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். சில மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருப்பதும் இதுதான்.

3,500 மீட்டர் உயரத்தில் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று, எலும்பு முறிந்து, காய்ச்சலில் கிடந்து, எழுந்து வாழ்ந்திருக்கிறது. அவர்களிடம் மருத்துவமே இல்லை என்று மயூர் விகாரில் உட்கார்ந்துகொண்டு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நாடியையும் சிறுநீரையும் கொண்டு நோயறியும் முறையை விரிவாகச் சொல்லும் திபெத்திய நூல் மரபு ஆம்ச்சிகளுக்கு உண்டு. கேரளத்து வைத்தியர்கள் இன்றும் பயிலும் வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் 11ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. ஆம்ச்சிக்குக் கட்டணம் கொடுக்கும் வழக்கம் அன்று இருந்ததில்லை. உழவின்போதும் அறுவடையின்போதும் ஊரார் அவருடைய வயலில் இறங்கி வேலை செய்துகொடுப்பார்கள். சாலையும் கூலிவேலையும் ரொக்கப் பணமும் வந்தபிறகு அந்த ஏற்பாடு தளர்ந்தது. சோவா ரிக்பா எனப்படும் அவர்களது மருத்துவ முறையை இந்திய அரசு சட்டப்படி ஏற்றுக்கொண்டது 2010இல்தான். அவர்களால் எல்லா நோயையும் தீர்க்க முடிந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. சொல்லாததை என் தலையில் கட்டாதீர்கள்.

பாதிரிமார்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. மொராவிய சபையினர் 1885இல் லேயில் நிலைகொண்டார்கள். கார்ல் மார்க்ஸ் என்னும் மருத்துவர் 1886 இறுதியில் அங்கே வந்து மருத்துவமனை தொடங்கி, ஐந்தாண்டு முடிவதற்குள் 1891இல் தொற்றுக்காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அவரை வணங்குகிறேன். ஆனால் ஒரு நிலத்தின் மருத்துவ வரலாற்றை, மருந்துப்பெட்டியோடு யார் முதலில் போனார்கள் என்ற வரிசையாகவே எழுதிவிடுகிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மண்ணுக்கே உரிய நோயை யார், எப்போது நின்று பார்த்தார்கள் என்று கேட்டால் வரலாறு வேறு மாதிரி தெரியும்.

1962 போரையொட்டிச் சமவெளியிலிருந்து ஏராளமான வீரர்கள் பழக்கமற்ற உயரத்துக்கு அவசரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் ஓரிரு நாட்களில் நுரையீரலில் நீர்கோத்து மூச்சுக்குத் திணறினார்கள். ராணுவ மருத்துவர் என். டி. மேனன் லேயில் கண்ட 101 நோயாளிகளைப் பற்றி 1965இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார். அதே இதழில் 1969இல் இந்தர் சிங்கும் அவர் குழுவினரும் 1,925 வீரர்களைக் குறித்து எழுதினார்கள். உயரமான மலைகளில் வரும் நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் இவ்விரு கட்டுரைகளுக்கும் பெரிய பங்குண்டு. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்த ராணுவ முகாம்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், சிந்து நதிக்கரைக் கிராமங்களில், அங்கேயே பிறந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நுரையீரல் எந்த இதழுக்கும் அப்போது போகவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் என் அலுவலகத்தில் லடாக்கி நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய மாமா சிகிச்சைக்காகத் தில்லி வந்து, காஷ்மீரி கேட் பக்கம் யமுனைக் கரையோரமுள்ள லடாக் புத்த விஹாரத்தில் தங்கியிருந்தார். நண்பர் ஊரில் இல்லாத ஒருநாள் அவரை ஒரு பெரிய மருத்துவமனைக்கு நான் அழைத்துப்போனேன். எக்ஸ்ரே படத்தைக் கம்பளித் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். படத்தை வெளிச்சப்பெட்டியில் மாட்டிய மருத்துவர், “எந்தச் சுரங்கத்தில் வேலை?” என்று கேட்டார். பெரியவர் தமக்குத் தெரிந்த இந்தியில், வாற்கோதுமை பயிரிடுகிறேன் என்றார். “பொய் சொன்னால் மருந்து எப்படி எழுதுவது?” என்று மருத்துவர் அதட்டினார். நான் குறுக்கிட்டுச் சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை. வெளியே வந்து சீட்டைப் பார்த்தால், தொழில் என்ற இடத்தில் ‘கல்லுடைப்பவர்’ என்று எழுதியிருந்தது. பெரியவருக்கு அதை நான் படித்துக்காட்டவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்பதை 1991இல் வெளிவந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. லேயைச் சேர்ந்த மருத்துவர் செரிங் நோர்புவும் அவருடன் உழைத்தவர்களும் சுரங்கமோ ஆலையோ இல்லாத லடாக் கிராமங்களில் சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா என்னும் மணல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய், இருப்பதைத் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு வந்த மற்றொரு ஆய்வு சாபூ, ஷே, சூஷோத் ஆகிய மூன்று கிராமங்களை எடுத்துக்கொண்டது. தூசியால் நுரையீரல் தடித்துப்போகும் நோய் ஒரு கிராமத்தில் சுமார் 2 விழுக்காட்டினருக்கும், இன்னொன்றில் 20 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதில் 45 விழுக்காட்டினருக்கும் இருந்தது. புழுதிக்காற்று எவ்வளவு கடுமையோ, அடுக்களையில் புகைபோக்கி உண்டா இல்லையா, அதற்கேற்ப எண்ணிக்கை ஏறியது. அந்தப் புழுதியில் 60 முதல் 70 விழுக்காடு வரை சிலிக்கா. வயலில் காற்றோடு வரும் மணல்; வீட்டுக்குள் குளிருக்காக எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு எரிக்கும் சாணத்தின் புகை. ஒருவர் பிழைப்புக்காகக் கல்லுடைத்தால்தான் இந்நோய் வரும் என்று நம் பாடநூல் சொன்னது. வீசும் காற்றை மூச்சிழுத்ததே அந்தப் பெரியவருக்குப் போதுமானதாக இருந்தது.

சிலிகோசிஸுக்கு இன்றும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் புகைபோக்கி வைக்கலாம். இருமலெல்லாம் காசநோய்தான் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்காமல் இருக்கலாம். இதற்கெல்லாம் அந்த ஊரின் அடுக்களைக்குள் போய் உட்கார்ந்து பார்த்த மருத்துவர் வேண்டும். அங்கேயே பிறந்து, படித்துத் திரும்பி, பல ஆண்டுகள் லே மருத்துவமனையில் பிரசவம் பார்த்த மருத்துவர் செரிங் லாண்டோலுக்கு 2006இல் பத்மஸ்ரீயும் 2020இல் பத்மபூஷணும் கொடுத்தார்கள். உங்கள் பாதிரிமார்-ராணுவக் கணக்கில் அவருக்கும் நோர்புவுக்கும் எந்த இடம்?

மகள் விஷயம். தொழில்வாய்ப்பைப் பற்றியெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது, சொல்லவும் விருப்பமில்லை. குளிரைத் தாங்கத் துணி இருக்கிறது. அவள் போகட்டும் க.; தகப்பனாக உங்களுக்கு இருக்கும் கலக்கம் எனக்குப் புரியாததல்ல, என் பெண் இப்படிக் கேட்டிருந்தாலும் முதல் இரவு தூங்கியிருக்க மாட்டேன். விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் எந்த வேலையும் செய்யாமல் ஓய்வெடுக்க வேண்டும். மருத்துவர்தானே என்று அவளே இதை அலட்சியப்படுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த லடாக்கி நண்பர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். குளிர்காலத்தில் தில்லியில்தான் இருப்பார். மகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் என் வீட்டுக்கு வாருங்கள், அவரையும் வரச்சொல்கிறேன். மூச்சுவிடச் சிரமமா, எத்தனை நாளாக, வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று லடாக்கியில் எப்படிக் கேட்பது என்பதை அவள் புறப்படுவதற்கு முன்பே கற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்