வாசகர் கேள்வி–பதில்: இருவர் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் வைர மோதிரம்

கேள்வி: எங்கள் நிச்சயதார்த்த மோதிரத்தை நாங்கள் இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தோம். முதல் நாளிலேயே கருத்து வேறுபாடு வந்துவிட்டது. ஒரு காரட்டுக்குக் குறையக் கூடாது என்கிறார் அவர். சிறிய கல்லாக இருந்தாலும் நன்றாக மின்ன வேண்டும் என்கிறேன் நான். கடைக்காரரோ கல்லின் தூய்மையில் வி.வி.எஸ். தரத்துக்குக் கீழே போகவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் பக்கமே சாய்கிறேன். காரட் என்பது எடையைக் குறிக்குமே தவிர, கண்ணுக்குத் தெரியும் அளவைக் குறிக்காது. ஒரு காரட் 200 மில்லிகிராம். அதை 100 சென்ட்டாகப் பகுத்துச் சொல்வார்கள். நன்றாக வெட்டப்பட்ட ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், 90 சென்ட் கல்லுக்கும் அதற்கும் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் முழுக் காரட் என்ற பெயருக்காகவே விலை சட்டென்று ஏறிவிடும். அந்தக் கால் மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படப்போவதில்லை.

மின்னுவதும் மின்னாததும் பட்டை தீட்டியவரின் கையில் இருக்கிறது. வட்ட வடிவக் கல்லில் வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். மேலிருந்து உள்ளே நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் தெறித்து மீண்டும் மேல்நோக்கி வந்தால்தான் கல் உயிரோடு தெரியும். எடை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில கற்களை வேண்டியதற்கு மேல் ஆழமாக விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கல்லில் ஒளி அடிப்பக்கமாகக் கசிந்து நடுப்பகுதி இருண்டு தோன்றுவதோடு, ஒரு காரட் எடை இருந்தும் மேலிருந்து பார்க்கச் சிறியதாகவே தெரியும். உங்கள் வருங்காலத் துணைவருக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே பாதி வழக்கு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வி.வி.எஸ். என்பது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகப் பார்த்தாலும் பயிற்சி பெற்ற கண்ணுக்கே எளிதில் அகப்படாத நுண்ணிய குறைகளைக் கொண்ட தரம். மோதிரத்தை யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப்போவதில்லை. அதற்கு அடுத்த படியில் உள்ள, வெறுங்கண்ணுக்குக் குறை தெரியாத வி.எஸ். தரமே போதுமானது. நிறத்தை டி முதல் இசட் வரையிலான எழுத்துகளால் குறிப்பார்கள். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால், நிறமே இல்லாத டி தரத்துக்குப் பணம் கொட்டுவது வீண், ஏனெனில் தங்கத்தின் சாயலே கல்லில் ஏறித் தெரியும்.

நகைக் கடையின் கூர்மையான விளக்குகளுக்கு அடியில் சுமாரான கல்லும் பொறி பறக்கத்தான் செய்யும். ஆகவே இரண்டு கற்களைத் துடைத்து வாங்கிக்கொண்டு சன்னலோரம் செல்லுங்கள். விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சமும் நிழலும் மாறி மாறித் துள்ளுகின்றனவா, அல்லது நடுவே ஓர் இருள் அப்படியே நின்றுவிடுகிறதா என்பதை இருவரும் தனித்தனியே கவனித்த பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலியா?

பதில்: போலி இல்லை. சுரங்க வைரத்தைப் போலவே அதுவும் கரிமப் படிகம்தான். 1954-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உயர் அழுத்தத்தில் அதை உருவாக்கிக் காட்டியது. வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது, அதற்கென உள்ள கருவிகள் வேண்டும். விலை வெகுவாகக் குறைவு என்பது உண்மை. திரும்ப விற்கும்போது கிடைப்பதும் குறைவு என்பதை இருவரும் தெரிந்தே வாங்க வேண்டும். எந்த வகையானாலும் தரச் சான்றிதழ் கேளுங்கள். பல கற்களில் சான்றிதழ் எண்ணை லேசர் கொண்டு கல்லின் இடைவிளிம்பில் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை லென்ஸில் காட்டச் சொல்லி, தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: நான் கையால் வேலை செய்பவள். வைரம்தான் எல்லாவற்றையும் விடக் கடினம் என்கிறார்களே, கழற்றாமல் அணியலாமா?

பதில்: கடினம் என்பது கீறல் விழாத தன்மையைத்தான் குறிக்கும். விளிம்பில் பலமாக அடிபட்டால் வைரமும் சில்லுப் பெயரும். கூர்முனை உள்ள வடிவங்களில் இந்த ஆபத்து அதிகம். உங்களுக்கு வட்டக் கல்லும், அதைச் சுற்றிலும் உலோகம் அணைத்துப் பிடிக்கும் தாழ்வான பதிப்பும் பொருந்தும். கவ்விகள் வைத்த பதிப்புதான் பிடித்திருக்கிறது என்றால், நான்கை விட ஆறு கவ்விகள் நல்லது. விரல் அளவைக் குளிர்ந்த காலையில் மட்டும் எடுக்காமல் மாலையிலும் ஒருமுறை எடுங்கள், ஏனெனில் வெப்பத்தில் விரல் சற்றுத் தடிக்கும். அணியத் தொடங்கிய பின், மோதிரம் துணியில் சிக்கி நூலை இழுத்தால் ஒரு கவ்வி நிமிர்ந்திருக்கக்கூடும். அன்றே கழற்றி வைத்துவிட்டு, நகை செய்பவரிடம் காட்டுங்கள்.